துவர் பார்த்தவர் பெயர்

அப்பா, என் அந்தோணிசாமி அப்பா,

பெற்றவரைப் பெயர் சொல்லிக் கூப்பிடுகிறாளே என்று நினைக்காதீர்கள். வம்பே அந்தப் பெயரில்தான் வந்திருக்கிறது. நீங்கள் போய்ப் பதினோரு வருஷம் ஆகிறது. ஒவ்வொரு கல்லறைத் திருநாளுக்கும் செவ்வந்திப் பூவும் மெழுகுவத்தியும் கொண்டுவந்து வைத்துவிட்டு, இரண்டு ஜெபம் சொல்லிவிட்டு, பஸ்ஸைப் பிடிக்க ஓடியிருக்கிறேன். உட்கார்ந்து ஒரு வார்த்தை பேசியதில்லை. இப்போது பேசாமல் இருக்க முடியவில்லை. மூன்று வாரமாக ஓர் இடத்தில் உட்காரவும் முடியவில்லை.

கடையில் பாதி டைப் செய்துகொண்டிருக்கும்போதே எழுந்துவிடுகிறேன். எதற்கு எழுந்தேன் என்று மறந்து, ஜெராக்ஸ் மிஷினில் பேப்பர் இருக்கிறதா என்று பார்த்துவிட்டு வந்து உட்காருகிறேன். முந்தாநாள் ஒருவருடைய வாடகை ஒப்பந்தத்தில் வீட்டுக்காரர் பெயரையும் குடியிருப்பவர் பெயரையும் மாற்றிப் போட்டுவிட்டேன். அவர் சிரித்துக்கொண்டே, "எனக்குச் சொந்த ஊடு ஆயிருச்சுங்களா?" என்றார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

நம் பங்குக் கோயிலின் மாத மடலை நான்தான் டைப் செய்கிறேன் என்பது உங்களுக்குத் தெரியும். நவம்பர் வந்தால் இறந்தவர்களுக்கு எழுதும் கடிதங்கள் வந்து குவியும். எத்தனையோ பேருடைய அப்பாக்களுக்கு நான் எழுத்துப்பிழை திருத்தியிருக்கிறேன். இந்தத் தடவை கடைசிப் பக்கம் காலியாக இருந்தது. ஃபாதரிடம் கேட்டேன், எடுத்துக்கொள்ளம்மா என்றார். அதனால் இந்தக் கடிதத்தைப் பங்கு முழுக்கப் படிக்கும். படிக்கட்டும் அப்பா.

முதலில் நடந்ததைச் சொல்கிறேன். திருச்செங்கோட்டுப் பக்கத்திலிருந்து ஒரு பேராசிரியர் என் கடைக்கு வருகிறார். கல்லூரியில் தமிழ் சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்றவர், நல்ல பண்ணையக் குடும்பம். ஊர் ஊராகப் போய்த் தொழில் செய்பவர்கள் பேசும் சொற்களைச் சேகரித்திருக்கிறார். எடப்பாடித் தறிக்காரர்கள், லாரிப் பட்டறைக்காரர்கள், போர் போடும் ரிக் வண்டிக்காரர்கள் என்று நோட்டு நோட்டாக எழுதி வைத்திருக்கிறார். அதைப் புத்தகமாக்க என்னிடம் டைப் செய்யக் கொடுத்திருக்கிறார்.

அவருக்கு ஒரு பிடிவாதம் உண்டு. ஒவ்வொரு சொல்லுக்கும் அதன் பொருள் வேண்டும், எப்படி வந்தது என்பது வேண்டும், கடைசியில் சொன்னவர் பெயரும் ஊரும் தொழிலும் வேண்டும். பேர் இல்லாமல் ஒரு சொல்லையும் அவர் விடுவதில்லை.

நோட்டின் நடுவில் ஒரு பக்கம் வந்தது. பழைய பேப்பர் கடையில் அவருக்குக் கிடைத்த, தோல் பதனிடும் ஒரு தோல் ஷாப்பின் ஆட்கள் பட்டியலிலிருந்து எடுத்து எழுதியிருந்தார். பட்டியலில் இருந்தது 'துவர் பார்க்க ஒரு ஆள்' என்பது மட்டும்தான். ஆளின் பெயர் இல்லை. அதற்கு அவர் எழுதியிருந்த விளக்கம் இது: 'துவர் பார்த்தல். தோல் பதனிடும் இடங்களில் வழங்கிய சொல். தொட்டியில் உள்ள பட்டைத் தண்ணீரின் நிறத்தைக் கண்ணால் பார்த்து அறிதல். துவர் என்பது செந்நிறத்தைக் குறிக்கும் பழஞ்சொல், அதிலிருந்து வந்தது.'

நிறமாம். கண்ணாலாம். என் கை கீபோர்டிலேயே நின்றுவிட்டது. மாலையில் அவர் வந்ததும் வாய் சும்மா இருக்கவில்லை.

"சார், இது தப்புங்க. கண்ணால பாக்குறது இல்லைங்க. நாக்கால பாக்குறது."

அவர் முகத்தைப் பார்க்க வேண்டுமே அப்பா. சைக்கிள் வாங்கிக் கொடுத்த பிள்ளைக்குக்கூட அவ்வளவு சந்தோஷம் வராது. "நாக்கிலயா? அட! எப்படீங்க அம்மணி?"

"பட்டை ஊறுன தண்ணிய விரல்ல தொட்டு நாக்குல வெச்சுப் பாப்பாங்க. துவர்ப்பு எவ்வளவு ஏறியிருக்குன்னு."

"இதை ஆருங்க சொன்னாங்க?"

அங்கேதான் மாட்டிக்கொண்டேன். "ஒருத்தர் சொன்னாருங்க. வயசானவரு."

"பேருங்க?"

"தெரியலீங்க சார்."

அப்பா, என் வாயால் சொன்னேன். உங்கள் பெயர் எனக்குத் தெரியவில்லை என்று சொன்னேன். என் பெயருக்கு முன்னால் நான் போடும் 'அ' எதற்கு என்று அவர் கேட்டிருந்தால் என்ன செய்திருப்பேனோ. அவர் பென்சிலை எடுத்து ஓரத்தில் 'பெயர் தெரியவில்லை' என்று எழுதினார். பிறகு, "அந்த ஆளை எப்படியாச்சும் கண்டுபுடிங்க அம்மணி. ஆரோ சொன்னாங்கன்னு எழுதற பழக்கம் எனக்கில்லீங்க. பேர் கெடைக்கலைன்னா நான் எழுதுனதே இருக்கட்டும். கார்த்திகை பொறக்கறதுக்குள்ள அச்சுக்குப் போவோணும்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

அன்றைக்கு ஆரம்பித்தது இந்த அலைச்சல். சொன்னால் நீங்கள் புத்தகத்தில் இருப்பீர்கள். சொல்லாவிட்டால் உங்கள் நாக்கு இருபத்தாறு வருஷம் செய்த வேலையை, யாரோ கண்ணால் பார்த்த வேலை என்று எழுதிவைத்துவிடுவார்கள். அதை டைப் செய்யப்போவதும் நான்தான்.

ஏன் சொல்லவில்லை? இந்த ஊரில் அப்பா என்ன வேலை என்று ஒருவர் கேட்டால், அது வேலையைப் பற்றிய கேள்வி மட்டும் இல்லை. தோல் ஷாப்பு என்று சொன்ன உடனே எதிரில் இருப்பவர் கண்ணில் ஒரு கணக்கு ஓடும். நாம் எங்கே உட்காரலாம், எந்த டம்ளரில் குடிக்கலாம் என்பதுவரை அந்தக் கணக்கு போகும். பேராசிரியர் என்னை அம்மணி என்று கூப்பிடுகிறார், கடையில் நான் கொடுக்கும் காப்பியைக் குடிக்கிறார். அது மாறிவிடுமோ என்று பயந்தேன். இதுதான் உண்மை. ஆனால் இது பாதி உண்மைதான் அப்பா. மீதி ரொம்பப் பழையது.

நான் முதல் தடவை நற்கருணை அப்பம் வாங்கிய அந்தப் புது நன்மை வருஷம் நினைவிருக்கிறதா? அடுத்தடுத்த ஞாயிறுகளில் வெள்ளை கவுனைப் போட்டுக்கொண்டே பூசைக்கு வருவேன். நன்மை வாங்கும் வரிசையில் எனக்கு முன்னால் நீங்கள் நிற்பீர்கள். உங்கள் முறை வந்ததும் கண்ணை மூடி, தலையைக் கொஞ்சம் தூக்கி, நாக்கை நீட்டுவீர்கள். பட்டைத் தண்ணீர் ஏறி ஏறி ஓரமெல்லாம் பழுப்பும் நடுவில் கறுப்புமாக இருந்த நாக்கு. அதன்மேல் சாமியார் அந்த வெள்ளை அப்பத்தை வைப்பார்.

பக்கத்து வரிசையில் நின்ற இரண்டு பிள்ளைகள் என்னைப் பார்த்துச் சிரித்தார்கள். ஒருத்தி கேட்டாள்: "உங்கப்பா என்னாடி, மை குடிச்சாரா?"

"அது எங்கப்பா இல்ல" என்றேன்.

எனக்கும் உங்களுக்கும் நடுவே இரண்டு முழம் தூரம்கூட இல்லை. நீங்கள் திரும்பவில்லை. அப்பத்தை வாங்கிக்கொண்டு, கைகூப்பியபடியே போய் உங்கள் இடத்தில் முழந்தாளிட்டீர்கள். வீட்டுக்குப் போகும் வழியில் வழக்கம்போல எனக்கு முறுக்கு வாங்கிக் கொடுத்தீர்கள். அன்றைக்கு உங்களுக்குக் கேட்டதா அப்பா? இத்தனை வருஷத்தில் கேட்க எனக்குத் துணிவு வரவில்லை. அதற்குப் பிறகு ஒரு ஞாயிறுகூட நான் உங்கள் வரிசையில் நின்றதில்லை. அதையாவது கவனித்தீர்களா?

அப்புறம் என் கல்யாணப் பத்திரிகை. அப்போது நான் அச்சகத்தில் எழுத்துக் கோத்துக்கொண்டிருந்தேன். என் பத்திரிகையை நானேதான் கோத்தேன். மாப்பிள்ளையின் அப்பா பெயருக்குக் கீழே 'ரயில்வே, ஓய்வு' என்று சின்ன எழுத்தில் போட்டாகிவிட்டது. உங்கள் பெயருக்குக் கீழேயும் ஏதாவது போட்டாக வேண்டும். 'லெதர் மெர்ச்சண்ட்' என்று போட்டேன். அச்சடித்து வந்ததும் எழுத்துக் கூட்டிப் படித்துவிட்டுக் கேட்டீர்கள்:

"மெர்ச்சண்ட்டுன்னா என்னா கண்ணு?"

"வியாபாரிப்பா."

"ஓகோ." கொஞ்ச நேரம் பத்திரிகையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தீர்கள். "நான் எதை வித்தேன்?" என்று கேட்டுவிட்டுச் சிரித்தீர்கள். நானும் சிரித்தேன். அன்றைக்கு அது வேடிக்கையாகத்தான் இருந்தது. என் புகுந்த வீட்டில் இன்றுவரை நீங்கள் தோல் வியாபாரிதான்.

பேராசிரியரிடம் பேர் தெரியாது என்று சொன்ன இரண்டாம் நாள் இன்னொரு பக்கம் டைப் செய்தேன். கவலை இறைக்கிற சொற்கள். மாட்டைப் பூட்டிக் கிணற்றுத் தண்ணீரை மேலே இழுக்கும் தோல் பைக்குப் பறி என்று பெயர் என்று எழுதி, எப்படித் தைப்பார்கள், எத்தனை வருஷம் உழைக்கும் என்பதெல்லாம் இருந்தது. கடைசியில் 'சொன்னவர்: என் தந்தை' என்று தொடங்கி முழுப்பெயரும் ஊரும் விவசாயி என்பதும் இருந்தன. எவ்வளவு சுலபமாக எழுதியிருக்கிறார் என்று தோன்றியது. எனக்குக் கோபம் வந்தது. அவர்மேலா, என்மேலா, அந்தப் பறியின்மேலா என்று தெரியவில்லை. எழுந்துபோய்த் தெருவில் நின்றேன்.

நிற்கும்போது அந்த ஐப்பசி மழை நினைவுக்கு வந்தது. எனக்குப் பதிமூன்று வயது இருக்கும். பள்ளிக்கூடம் மழைக்காக லீவு. உங்களுக்குச் சோறு எடுத்துக்கொண்டு ஆத்தூர் ரோட்டில் நடந்து தோல் ஷாப்புக்கு வந்தேன். உள்ளே ஒரே சத்தம். முதலாளி சவரியம்மா அத்தையைப் பிடித்துத் திட்டிக்கொண்டிருந்தார். அத்தைதான் உங்கள் தொட்டிகளுக்கு ஆவாரம்பட்டை இடிப்பவள்.

வெளியே எடுத்துப் போட்டிருந்த தோலின் ஓரத்தை வெட்டிக் காட்டினார்கள். இரண்டு பக்கமும் பழுப்பாக இருந்தது, நடுவில் மட்டும் வெள்ளையாக ஒரு கோடு. அழுகல் நாற்றம் அடித்தது. பச்சைத் தோலை முதலில் துவர் குறைந்த பழைய தண்ணீரில் போட வேண்டும், பிறகு கொஞ்சம் ஏறியதில், கடைசியில்தான் புதுப் பட்டைத் தண்ணீரில் என்று நீங்கள் அம்மாவிடம் சொல்லிக் கேட்டிருக்கிறேன். எடுத்த எடுப்பில் கடுந்துவரில் போட்டால் மேல்பக்கம் இறுகிக்கொள்ளும், உள்ளே துவர் இறங்காது, நடுவில் பச்சையாகவே நின்று அழுகிவிடும். அதுதான் நடந்திருந்தது. ஒரு தொட்டித் தோல் முழுக்க வீண்.

சவரியம்மா பழைய பட்டையையும் புதுப் பட்டையையும் கலந்துவிட்டாள், அதனால்தான் துவர் தெரியாமல் போயிற்று என்று முதலாளி முடிவே கட்டிவிட்டார். நாளையிலிருந்து வராதே என்றும் சொல்லிவிட்டார். அத்தை அழக்கூட இல்லை, உலக்கையைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

நீங்கள் முன்னால் வந்தீர்கள். ஒரு வாரமாக உங்களுக்குச் சளி. "பட்டை நல்ல பட்டைங்க மொதலாளி. என் நாக்குதான் கெட்டுப்போச்சு. சளியில ருசி தெரியல. தண்ணி சப்புன்னு இருக்குன்னு நான்தான் பட்டை கூடப் போடச் சொன்னன்" என்றீர்கள்.

அத்தையின் வேலை தப்பியது, அன்றைக்கே உங்களைச் சுண்ணாம்புத் தொட்டிக்கு மாற்றினார்கள். மழைக்காலம் முடியும்வரை இரண்டு கையும் வெந்து, சோற்றைப் பிசைய முடியாமல் அம்மா ஊட்டிவிட்டாள். மாற்றிய அன்று இரவுச் சாப்பாட்டில் நான் கேட்டேன்: "ஏம்பா சொன்னீங்க? உங்க நாக்குல ருசி இல்லன்னு யாருக்கும் தெரியாதே."

"தெரியாதுதான் கண்ணு" என்றீர்கள். அம்மாவிடம் திரும்பி, இன்னும் கொஞ்சம் மோர் ஊற்றச் சொன்னீர்கள். அவ்வளவுதான் பேச்சு.

கல்லறைத் திருநாள் வந்தது. இந்தத் தடவை சீக்கிரமே வந்தேன், பார்த்தீர்களா? எனக்கு முன்னாலேயே உங்கள் தலைமாட்டில் மெழுகுவத்தி எரிந்துகொண்டிருந்தது. பக்கத்தில் ஒரு குடையை ஊன்றிக்கொண்டு சவரியம்மா அத்தை உட்கார்ந்திருந்தாள். காது கொஞ்சம் மந்தமாகியிருக்கிறது, மற்றபடி அதே குரல்.

"நீ வரதுக்குள்ள நான் ஏத்திட்டன் பாப்பா. வருசா வருசம் நான்தான் மொதல்ல ஏத்தறன், உனக்குத்தான் தெரியாது."

எனக்குத் தெரியாதுதான். யாரோ பக்கத்துக் கல்லறைக்காரர்கள் ஏற்றியது என்றே நினைத்துக்கொண்டிருந்தேன். அவள் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டேன்: "அத்தை, அப்பா துவர் பாப்பாரே, எப்படிப் பாப்பாரு?"

"எப்படிப் பாப்பாரு?" அத்தை சுண்டுவிரலைக் காற்றில் தோய்த்து நுனிநாக்கில் வைத்துக்கொண்டாள். "இப்படி. கொழம்புல உப்புப் பாக்குற மாதிரிதான். வெச்சதும் கண்ண மூடிக்குவாரு. நாங்க அத்தன பேரும் இடிக்கிறத நிறுத்திட்டு அவரு மொகத்தையே பாப்போம். கண்ணத் தொறந்து 'போதும்'னா போதும். 'இன்னம் ஒரு கூடை'ன்னா ஒரு கூடை. எங்க தொட்டிக்கெல்லாம் அவருதான் சாமி நாக்கு."

கண்ணை மூடி, தலையைக் கொஞ்சம் தூக்கி. அந்த முகத்தை நான் பார்த்திருக்கிறேன் அப்பா. ஞாயிற்றுக்கிழமை வரிசையில் பார்த்த அதே முகம். தொட்டியோரத்திலும் நீங்கள் அப்படித்தான் நின்றீர்கள் என்பது எனக்கு இத்தனை நாளாகத் தெரியவில்லை.

"அந்தப் பேரை யாரு வெச்சாங்க அத்தை, துவர் பாக்குறதுன்னு?"

"யாரு வந்து வெக்கணும்? ஊட்டுல உப்புப் பாரு, காரம் பாருங்கறோம். அங்க துவர் பாருன்னோம். சமைக்கிற ஊட்டுப் பேச்சுதான், தொட்டிக்கும் அதையே பேசுனோம். மொதலாளிங்க அதுக்கு என்னமோ இங்கிலீசுல சொல்லுவாங்க, எங்க வாயில நிக்காது." அப்புறம் என்னை உற்றுப் பார்த்தாள். "எதுக்கு இப்பக் கேக்குற?"

"ஒரு பெரியவரு புத்தகம் போடுறாருங்க அத்தை. அதுல இந்தச் சொல்லு வருது."

"உங்கப்பா பேரும் வருதா?"

நான் குனிந்து பூவைச் சரிசெய்தேன். அவள் அதை ஆமாம் என்று எடுத்துக்கொண்டாள் போலிருக்கிறது. முகமெல்லாம் மலர்ந்துவிட்டது. "எம் பேரும் போடுவாங்களா பாப்பா? போடச் சொல்லேன். சவரியம்மா, பட்டை இடிச்சவன்னு. வெறுஞ் சவரியம்மான்னு போட்டா எந்தச் சவரியம்மான்னு எவனுக்குத் தெரியும்? இந்தத் தோட்டத்துலயே நாலு சவரியம்மா படுத்திருக்கறா."

அங்கே உட்கார முடியவில்லை. தண்ணீர் பிடித்து வருகிறேன் என்று சொல்லி எழுந்து குழாயடிக்குப் போய் முகத்தைக் கழுவிக்கொண்டேன். அவள் எதைச் சேர்த்துப் போடச் சொல்லிக் கெஞ்சுகிறாளோ அதைத்தான் நான் நாற்பது வருஷமாக அழித்துக்கொண்டிருக்கிறேன்.

மறுநாள் நாட்டு மருந்துக் கடைக்குப் போய் ஆவாரம்பட்டை கேட்டேன். கடைக்காரர், "சுகருக்குங்களா? அதுக்குப் பூவுதான் நல்லது, பட்டை கடுக்குமே" என்றார். "இல்லைங்க, கடுக்கத்தான் வேணும்" என்று வாங்கி வந்தேன். வீட்டில் மூன்று டம்ளரில் ஊறவைத்தேன். ஒன்றில் ஒரு துண்டு, ஒன்றில் ஐந்து துண்டு, ஒன்றில் ஒரு கைப்பிடி. பொருள் எழுத வேண்டியவள் ருசி தெரியாமல் எழுதக் கூடாது என்று ஒரு வீறாப்பு.

முதல் டம்ளர் வெறும் டீத்தண்ணீர் மாதிரி இருந்தது. இரண்டாவதை வைத்ததும் நாக்கு சுருங்கியது, கன்னம் இரண்டும் உள்ளே இழுத்துக்கொண்டன, எச்சில் எங்கே போனது என்று தெரியவில்லை. மூன்றாவதை வைத்தபோது இரண்டாவதற்கும் அதற்கும் எனக்கு வித்தியாசமே தெரியவில்லை. வாய் முழுக்க ஒரே கட்டு. கண்ணை மூடிக்கூடப் பார்த்தேன். மூன்று டம்ளருக்கே என் நாக்கு தடுமாறுகிறது. உங்களுக்குப் பன்னிரண்டு தொட்டி. காலையில் ஒரு தடவை, சாயங்காலம் ஒரு தடவை. அதற்கு மேல் வீட்டுக்கு வந்து அம்மா வைத்த குழம்பை நன்றாயிருக்கிறது என்று சொல்லிச் சாப்பிட்டீர்களே, அது உங்களுக்கு என்ன ருசியாக இருந்திருக்கும்? எல்லாமே துவர்த்ததா? அம்மாவுக்காகத்தான் அப்படிச் சொன்னீர்களா?

இதுவரைக்கும் திங்கட்கிழமை எழுதியது. பேராசிரியர் மறுநாள் வருவதாக இருந்தார், எழுதினது போதும் என்று மூடிவைத்தேன். மிச்சத்தை இப்போது எழுதுகிறேன்.

காலை பதினொரு மணிக்கு வந்தார். உட்கார்ந்து கண்ணாடியைத் துடைத்தார். நான் காப்பி சொல்லவில்லை. காப்பி வந்து அதைக் குடிப்பாரா மாட்டாரா என்று பார்த்துக்கொண்டு பேச எனக்குத் தெம்பில்லை.

"சார், அந்தத் துவர் பார்த்தல்..."

"ஆள் கெடைச்சுட்டாருங்களா அம்மணி?"

"எங்க அப்பாங்க சார். பேரு அந்தோணிசாமி. அயோத்தியாப்பட்டணம் போற வழியில ஒரு தோல் ஷாப்புல இருபத்தாறு வருஷம் துவர் பாத்தாருங்க."

சரியாக அந்த நேரம் பார்த்து ஒரு அம்மா ஆதார் கார்டை நீட்டிக்கொண்டு உள்ளே வந்தார். முன்பக்கம் பின்பக்கம் இரண்டும் ஒரே தாளில் வேண்டும், ஐந்து ஜெராக்ஸ். எடுத்துக்கொடுத்தேன். ஒரு தாள் கோணலாக வந்தது, மறுபடி எடுத்தேன். அந்த அம்மா போனதும் பேராசிரியர் கேட்டார்:

"அன்னைக்கு ஏனுங்க தெரியலைன்னு சொன்னீங்க?"

"உங்ககிட்டச் சொல்லக் கூச்சமா இருந்துச்சுங்க."

"எங்கிட்டயா?" என்றார். மேஜையில் இருந்த தாள்களை ஒவ்வொன்றாகத் தள்ளி அந்தப் பறிப் பக்கத்தை எடுத்தார்.

"எங்க கவலைக்குப் பறி தச்சுக் குடுக்க வருசா வருசம் ஒருத்தர் வருவாருங்க. வாசலுக்கு வெளியாலதான் உக்காந்து தைப்பாரு. நானுஞ் சின்னப் பையன்ல பக்கத்துல நின்னு பாத்திருக்கறனுங்க. இதுல இருக்கறதெல்லாம் அவரு எங்கப்பாருகிட்டச் சொன்னதுங்க. எங்கப்பாரு பேரப் போட்டுட்டன். அவரு பேர நான் ஒருக்காகூடக் கேட்டதில்லீங்க அம்மணி."

பென்சிலை எடுத்துத் தன் அப்பாவின் பெயருக்குக் கீழே ஒரு வரி எழுதினார். 'பறி தைத்தவர் பெயரைக் கேட்டுவைக்கவில்லை, தவறு என்னுடையது.' அதை அப்படியே டைப் செய்யச் சொன்னார். அதனால் எல்லாம் சரியாகிவிட்டது என்று நான் சொல்லமாட்டேன் அப்பா. அந்த மனிதர் வாசலுக்கு வெளியே உட்கார்ந்தது உட்கார்ந்ததுதான். ஆனால் என்னைப் போல அவர் மழுப்பவில்லை.

உங்கள் பக்கத்துக்கு வந்தோம். நான் சொல்லச் சொல்ல அவர் எழுதினார். தொழில் என்கிற இடம் வந்ததும் கொஞ்சம் தயங்கி, "மேஸ்திரின்னு போட்டரலாமுங்களா? தொட்டிக்கெல்லாம் அவுருதான பொறுப்பு. பாக்கக் கௌரவமா இருக்கும்" என்றார். நல்ல மனதோடுதான் சொன்னார்.

"வேண்டாங்க சார். ஒரு தடவை மெர்ச்சண்ட்டுன்னு போட்டாச்சு, அதுவே போதும்."

அவருக்கு விளங்கவில்லை. பத்திரிகைக் கதையைச் சொன்னேன். சிரிக்கலாமா கூடாதா என்று தெரியாமல் என் முகத்தைப் பார்த்தார். நான் சிரித்த பிறகு அவரும் சிரித்தார். காப்பி சொன்னேன். குடித்தார்.

இப்போது அந்தப் பக்கம் இப்படி இருக்கிறது, பிழை இருந்தால் சொல்லுங்கள்: 'துவர் பார்த்தல். தோல் பதனிடும் தொட்டியில் ஊறும் ஆவாரம்பட்டைத் தண்ணீரை விரலால் தொட்டு நாக்கில் வைத்து, துவர்ப்பு எவ்வளவு என்று அறிதல். தோலை எந்தத் தொட்டியிலிருந்து எந்தத் தொட்டிக்கு மாற்றுவது என்பதை இதை வைத்தே முடிவு செய்வர். சமையலில் உப்புப் பார்ப்பது, காரம் பார்ப்பது என்னும் வீட்டு வழக்கிலிருந்து தொழிலுக்கு வந்தது. சொன்னவர்கள்: சவரியம்மா, சேலம், தோல் ஷாப்பில் பட்டை இடித்தவர். செல்வமேரி, சேலம், டைப் செய்பவர். துவர் பார்த்தவர்: செல்வமேரியின் தந்தை அந்தோணிசாமி.'

சவரியம்மா அத்தைக்கு ஒரு தாளில் பெரிய எழுத்தில் அச்செடுத்து வைத்திருக்கிறேன். அவளுக்குப் படிக்கத் தெரியாது, ஆனாலும் தன் பெயர் எந்த வரியில் இருக்கிறது என்று விரல் வைத்துக் காட்டச் சொல்வாள்.

இவ்வளவும் ஆன பிறகும் எனக்கு நிலை கொள்ளவில்லை. புத்தகத்தில் திருத்திவிட்டேன். வெள்ளை கவுன் போட்டுக்கொண்டு அன்றைக்கு நான் சொன்னதை எங்கே போய்த் திருத்துவது? உங்களுக்குக் கேட்டிருந்தால் ஒரு நாளாவது கோபித்துக்கொண்டிருக்கலாமே அப்பா. கேட்கவில்லை என்றால் இதோ இப்போது நானே சொல்லிவிட்டேன். இரண்டில் எது என்று தெரியாமலேயேதான் நான் இனி இருக்க வேண்டும்.

ஒன்று மட்டும் செய்கிறேன். இப்போதெல்லாம் நாங்கள் நன்மையைக் கையில்தான் வாங்குகிறோம். இடது கை மேலே, வலது கை கீழே. நாக்கில் வாங்குபவர்கள் பங்கில் நாலைந்து பெரியவர்கள்தான். வருகிற ஞாயிற்றுக்கிழமை, கோயில் நிறைய ஆள் இருக்கும் எட்டு மணிப் பூசையில், நான் கையை நீட்டப்போவதில்லை. கண்ணை மூடி, தலையைக் கொஞ்சம் தூக்கி நாக்கை நீட்டுவேன். அந்த மூன்று டம்ளரை நான் இன்னும் கொட்டவில்லை, தினமும் தொட்டுத் தொட்டுப் பார்க்கிறேன், வித்தியாசம் பிடிபடவில்லை. கண்ணாடியில் பார்த்தால் நாக்கின் ஓரம் லேசாகப் பழுப்பேறியிருக்கிறது. ஞாயிறுவரை அது இருக்குமா என்று தெரியவில்லை. இருந்தால் நல்லது. பக்கத்து வரிசையில் யாராவது சிரித்தால், எங்கப்பா நாக்கு என்று சொல்ல எனக்கு வசதியாக இருக்கும்.

இப்படிக்கு,
தோல் ஷாப்பில் துவர் பார்த்த அந்தோணிசாமியின் மகள்,
அ. செல்வமேரி